நிலவறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ சிரிக்கிறார்கள். மேஜைமேல் கண்ணாடிக் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்கிறது. பியானோ தணியும் இடங்களில் பக்கத்து மேஜைப் பேச்சு மேலே வருகிறது, பிறகு அடங்குகிறது. இத்தனை இரைச்சலும் பதிவான ஓர் இசைத்தட்டைத்தான் உலகம் முழுவதும் ஜாஸ் ரசிகர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போற்றி வைத்திருக்கிறார்கள்.

நாள்: 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. இடம்: நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலவறை. அங்கே இயங்கும் ஜாஸ் கிளப்பின் பெயர் வில்லேஜ் வேன்கார்ட். மேடையில் மூன்றே பேர். பியானோவில் பில் எவன்ஸ், டபுள் பாஸில் ஸ்காட் லஃபேரோ, டிரம்ஸில் பால் மோட்டியன். மதியம் இரண்டு, இரவு மூன்று என்று அன்று ஐந்து சுற்று வாசித்தார்கள். அந்தப் பதிவிலிருந்து இரண்டு ஆல்பங்கள் வந்தன: 'சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி'.

பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும் கொண்ட ஜாஸ் மூவர் குழுவைப் பற்றிப் பேச எடுத்தால் இந்த இரண்டையும் தாண்டிப் போக முடியாது. பாதுகாக்கப்பட வேண்டியவை என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேர்ந்தெடுக்கும் ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அந்த ஒரு நாள் பதிவு முழுவதும் இடம் பெற்றிருக்கிறது.

இந்த ஆல்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மரணத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அந்த மரணம் கதையில் வரத்தான் வேண்டும். ஆனால் அதை முன்னால் வைத்துவிட்டால், வாசிப்பின் பெருமையெல்லாம் அனுதாபத்தின் கணக்கில் போய்விடுகிறது. முதலில் அந்த மூவர் அப்படி என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே முறை.

பக்கவாத்தியம் இல்லாத கச்சேரி

ஜாஸில் வழக்கமான வாசிப்பு முறை எளிமையானது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் பிராட்வே நாடகப் பாட்டு அல்லது சினிமாப் பாட்டு. முதலில் மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டுக்கு அடியில் இருக்கும் கார்டு வரிசை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளின் வரிசை, திரும்பத் திரும்பச் சுழலும். அதன்மேல் ஒருவர் தன் மனோதர்மத்துக்கு வாசிப்பார். கடைசியில் மெட்டு மறுபடி வரும், பாட்டு முடியும்.

மூவர் குழுவில் அந்த மனோதர்ம வாசிப்பின் பெரும்பகுதி பியானோக்காரருக்கே சொந்தம். பாஸ்காரர் ஒரு தாள அளவுக்கு நான்கு சுரம் என்று சீராக நடந்துகொண்டே இருப்பார். டிரம்ஸ்காரர் சிம்பலில் காலம் காட்டுவார். பட் பவல், ஆஸ்கார் பீட்டர்சன் போன்ற மேதைகளின் குழுக்களும் ஏறக்குறைய இந்த ஏற்பாட்டில்தான் வாசித்தன. மாற்றத்தின் அடையாளம் அங்கங்கே தெரியாமல் இல்லை. 1958இல் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் அகமது ஜமால் தன் மூவர் குழுவோடு பதிவு செய்த ஆல்பத்தில் வாசிப்புக்கு நிகராக மௌனத்துக்கும் இடம் இருந்தது. அது நூறு வாரங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் இருந்தது. ஆனாலும் அங்கே கடிவாளம் பியானோவின் கையில்தான்.

எவன்ஸுக்கு இந்த ஏற்பாட்டையே கலைத்துப் பார்க்க ஆசை. பாஸ்காரருக்குச் சொல்ல ஒரு விஷயம் தோன்றினால், பியானோ பேசிக்கொண்டிருக்கும்போதே அவரும் பேசட்டுமே என்று நினைத்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மனோதர்மம் செய்தால் சந்தைக்கடை ஆகிவிடாதா? ஆகும், ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்காவிட்டால். இந்தக் குழுவின் முழு ரகசியமும் அந்தக் கேட்பில்தான் இருக்கிறது.

அதற்குக் கைத்தொழில் அளவில் சில ஏற்பாடுகளும் வேண்டியிருந்தன. பியானோவில் ஒரு கார்டை வாசிக்கும்போது அதன் ஆதார சுரத்தை இடது கை அடியில் பிடிப்பது பழைய வழக்கம். எவன்ஸ் அந்த ஆதார சுரத்தையே பல இடங்களில் விட்டுவிட்டார். நடு ஸ்தாயியில் மூன்று நான்கு சுரங்களை நெருக்கி வைத்துக் கார்டின் நிறத்தை மட்டும் காட்டினார். கீழ் ஸ்தாயி காலியானது. அந்த இடம் முழுவதும் பாஸ்காரருக்குக் கிடைத்தது. டெபுஸ்ஸி, ராவேல் ஆகிய பிரெஞ்சு மேதைகளை ஊன்றிப் படித்தவர் எவன்ஸ். அந்த நெருக்கமான, மங்கல் நிறக் கார்டுகளில் அவர்களின் சாயல் நன்றாகவே தெரியும்.

மூன்று பேர்

வில்லியம் ஜான் எவன்ஸ் 1929இல் நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் பிறந்தவர். லூயிசியானாவில் கல்லூரிப் படிப்பு, பிறகு ராணுவ சேவை, அதன்பின் நியூயார்க். ரிவர்சைடு என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1956இல் முதல் ஆல்பம் செய்தார். முதல் ஆண்டில் அது விற்றது சுமார் 800 பிரதிகள்தான். 1958இல் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். கறுப்பினக் கலைஞர்கள் நிறைந்த அந்தக் குழுவில் எவன்ஸ் ஒருவரே வெள்ளையர் என்பது அப்போது சில ரசிகர்களின் முணுமுணுப்புக்குக் காரணமானது. சில மாதங்களில் விலகிவிட்டார். ஆனால் அடுத்த ஆண்டு ஓர் ஆல்பத்துக்காக டேவிஸ் அவரை மீண்டும் அழைத்தார். ஜாஸ் வரலாற்றில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றான 'கைண்ட் ஆஃப் புளூ' அது. அதில் ஒரே ஒரு உருப்படி தவிர மற்ற எல்லாவற்றிலும் கேட்பது எவன்ஸின் பியானோ.

ஸ்காட் லஃபேரோ 1936இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்ற சிற்றூரில் வளர்ந்தார். சிறு வயதில் கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும் வாசித்தார். பாஸைத் தொட்டது பதினெட்டு வயதில்தான். அங்கிருந்து அவருக்குக் கிடைத்த காலம் ஏழே ஆண்டு. தந்திகளை விரல்பலகைக்கு மிக அருகில் இறக்கி வைத்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரல்களை மாற்றி மாற்றிப் போட்டு, கிட்டாருக்குரிய வேகத்தை அந்தப் பெரிய வாத்தியத்தில் கொண்டு வந்தார். அவர் வாசித்த பாஸ், நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஆபிரகாம் பிரஸ்காட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்தது. எவன்ஸோடு இருந்த அதே காலத்தில், 1960 டிசம்பரில், சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' பதிவிலும் வாசித்திருக்கிறார். கார்டு வரிசை என்ற வேலியையே பிடுங்கி எறிந்த இசை அது. இரண்டு துருவங்களிலும் ஒரே ஆள்.

பால் மோட்டியன் ஆர்மீனிய வம்சாவளியினர். மூவரில் குறைவாகப் பேசப்படுகிறவர் இவர்தான், அது நியாயமில்லை. மற்ற இருவரும் காலத்தை நீட்டியும் மடக்கியும் விளையாடும்போது, டிரம்ஸும் சேர்ந்து ஆடினால் பாட்டு சிதறும். கட்டாயமாகக் காலம் காட்டினால் அவர்களின் விளையாட்டு கெடும். மோட்டியன் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். பெரும்பாலும் குச்சியை விட்டு பிரஷ்ஷை எடுத்தார். ஒவ்வொரு எண்ணிக்கையையும் தட்டாமல், தேவையான இடத்தில் ஒரு உரசல், ஒரு சிம்பல் தொடுதல் என்று நிறுத்திக்கொண்டார்.

1959இன் பிற்பகுதியில் மூவரும் சேர்ந்தார்கள். அந்த டிசம்பரிலேயே 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' பதிவானது. அதில் 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டை எடுத்துக் கேட்டால், மெட்டு முடிந்த கையோடு பியானோவும் பாஸும் டிரம்ஸும் துண்டு துண்டாக வாக்கியங்களைப் பரிமாறிக்கொள்வது காதில் விழும். முழு ஏற்பாடும் அப்போதே வந்துவிட்டது. 1961 பிப்ரவரியில் 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்'. வேன்கார்டின் அந்த ஞாயிறு இந்த ஒன்றரை ஆண்டு உழைப்பின் முதிர்ச்சி. ஒரு நாள் அதிசயம் இல்லை.

ஒரு டேப் ரெக்கார்டர், ஐந்து சுற்று

வேன்கார்டை மாக்ஸ் கோர்டன் 1935இல் தொடங்கினார். தெருவிலிருந்து செங்குத்தான படிகளில் இறங்கிப் போக வேண்டும். கீழே முக்கோண வடிவில் ஒரு சின்ன அறை. இன்றைக்கும் அதில் 123 பேர்தான் கொள்ளும். அறையின் ஒலி அருமையாக இருக்கும் என்று இசைக்கலைஞர்கள் மத்தியில் பெயர். 1957இல் சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் இங்கே நேரடி ஒலிப்பதிவு செய்து வழி காட்டியிருந்தார்.

ரிவர்சைடு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸுக்கு எவன்ஸை ஸ்டுடியோவுக்குள் இழுத்து வருவது எப்போதுமே பெரும்பாடு. தன் வாசிப்பில் எவன்ஸுக்குத் திருப்தியே வராது. மேடையில் வாசிப்பதை அப்படியே பதிவு செய்துவிட்டால் என்ன? மூவரின் வேன்கார்டு நிகழ்ச்சிகள் அந்த ஞாயிறோடு முடிவதாக இருந்தன. மதியக் காட்சியும் உள்ள நாள் என்பதால் ஒரே நாளில் நிறையப் பதிவு செய்யலாம்.

ஒலிப்பதிவாளர் டேவ் ஜோன்ஸ் கொண்டு வந்தது எடுத்துச் செல்லத்தக்க ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர். அதில் இரண்டே டிராக். மைக்குகளிலிருந்து வரும் ஒலியை அங்கேயே கலந்து பதிவு செய்தாக வேண்டும். பாஸ் கொஞ்சம் கம்மி என்று பிறகு உட்கார்ந்து கூட்டவோ, கூட்டத்தின் சத்தத்தைக் குறைக்கவோ வழியில்லை. முதல் பாட்டின் நடுவிலேயே மின்சாரம் ஒருமுறை தடைப்பட்டு, அந்த டேக், அதாவது அந்த ஒருமுறை வாசிப்பின் பதிவு, கெட்டது. அதன்பின் சிக்கல் இல்லை. நாள் முடியும்போது 13 உருப்படிகள், திரும்ப வாசித்தவற்றையும் சேர்த்து 22 டேக் கையில் இருந்தன.

கெட்டுப்போன அந்த முதல் பாட்டு 'குளோரியாஸ் ஸ்டெப்'. லஃபேரோ எழுதியது. இரவில் அதை மறுபடி வாசித்தார்கள். 'சண்டே' ஆல்பம் இதில்தான் தொடங்குகிறது. ஜாஸ் பாட்டுகளில் பெரும்பாலானவை நான்கு நான்கு தாள அளவுகளாகக் கட்டப்பட்டு, மொத்தம் 32இல் முடியும். இதில் வாக்கியங்கள் ஐந்து ஐந்தாக வருகின்றன. 20இல் சுற்று முடிந்துவிடுகிறது. நான்கில் பழகிய காது ஒவ்வொரு முறையும் ஒரு அடி தடுமாறும். எவன்ஸ் மெட்டை வாசிக்கிறார். லஃபேரோ ஒழுங்காக நடந்து போவதில்லை. மேலே ஏறுகிறார், நிற்கிறார், பியானோ மூச்சு விடும் இடத்தில் பதில் சொல்கிறார். சில சமயம் பதிலை முந்திக்கொண்டே சொல்லிவிடுகிறார். எவன்ஸ் உடனே தன் வாக்கியத்தைச் சுருக்கி அவருக்கு வழி விடுகிறார். அடியில் மோட்டியனின் பிரஷ். யார் முன்னணி, யார் துணை என்று பிரித்துச் சொல்வது கடினம்.

'வால்ட்ஸ் ஃபார் டெபி' எவன்ஸ் தன் அண்ணன் ஹாரியின் சின்ன மகளுக்காக எழுதியது. 1956 ஆல்பத்தில் அதைத் தனி பியானோவில் சுருக்கமாக வாசித்திருந்தார். இங்கே முதலில் பியானோவும் பாஸும் மட்டும், டிரம்ஸ் இல்லாமல், மூன்று எண்ணிக்கையில் மெட்டைச் சொல்கின்றன. குழந்தைக்கான பாட்டு என்பது அந்த எளிமையிலேயே புரிந்துவிடும். பிறகு தாளம் நான்குக்கு மாறுகிறது, மோட்டியன் உள்ளே வருகிறார், பாட்டு துள்ளி ஓடத் தொடங்குகிறது. மூன்றிலிருந்து நான்குக்குத் தாண்டும் அந்த இடத்தை மட்டும் பலமுறை கேட்கலாம்.

எதிர் முனையில் இருக்கிறது 'மை ஃபூலிஷ் ஹார்ட்'. விக்டர் யங் இசையமைத்த 1949ஆம் ஆண்டு சினிமாப் பாட்டு. மிக விளம்பமான காலம். எவன்ஸ் மனோதர்மம் என்று தனியாக அதிகம் செய்வதே இல்லை, மெட்டைத்தான் வாசிக்கிறார். ஆனால் ஒவ்வொரு கார்டையும் சற்றே தாமதித்து வைக்கிறார். வேகத்துக்குப் பேர் போன லஃபேரோ இங்கே ஓரிரண்டு சுரங்களோடு நிறுத்திக்கொள்கிறார். மோட்டியனின் சிம்பல்கள் மெலிதாக அதிர்ந்து அடங்குகின்றன. திறமை உள்ளவர்கள் அதைக் காட்டாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அன்றைய கடைசி உருப்படி 'ஜேட் விஷன்ஸ்'. இதுவும் லஃபேரோ எழுதியதே. அடுத்தடுத்து இரண்டு முறை வாசித்தார்கள்.

பதினொரு நாள்

ஜூலை தொடக்கத்தில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு லஃபேரோ வாசித்தார். ஜூலை 6 அதிகாலை, தன் ஊரான ஜெனீவாவுக்கு அருகே நெடுஞ்சாலையில் காரோட்டிச் சென்றபோது வண்டி மரத்தில் மோதியது. லஃபேரோ அந்த இடத்திலேயே இறந்தார். வயது 25. வேன்கார்டு ஒலிப்பதிவு நடந்து அன்றைக்குப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. காரிலிருந்த பிரஸ்காட் பாஸும் நொறுங்கியது. பல ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க்கின் வாத்தியத் தொழில் வல்லுநர்கள் அதைச் சீர்செய்தார்கள்.

கீப்நியூஸும் எவன்ஸும் டேப்புகளை மறுபடி கேட்க உட்கார்ந்தபோது தேர்வின் நோக்கமே மாறிவிட்டது. லஃபேரோ யார் என்பதை இந்தத் தட்டு காட்ட வேண்டும். அதனால் 'சண்டே' ஆல்பத்தில் ஆறு உருப்படிகள். முதலும் கடைசியும் லஃபேரோ எழுதியவை. நடுவில் இருப்பவையும் பாஸ் ஓங்கி நிற்கும் டேக்குகள். அட்டையிலும் அவர் பெயர் தனியாக அச்சானது. 1961இலேயே வெளியிட்டார்கள். மீதியிலிருந்து மென்மையான உருப்படிகளாகப் பொறுக்கிச் சேர்த்தது 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. அது 1962இல் வந்தது. ஒரே நாள், ஒரே மேடை, ஒரே மூவர். ஆனால் ஒன்று பாஸ்காரரின் ஆல்பமாகவும், மற்றது பியானோக்காரரின் ஆல்பமாகவும் காதில் விழுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், தேர்வும் வரிசையும் கேட்பவரின் மனத்தில் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது விளங்கும்.

எவன்ஸ் இடிந்து போனார். பல மாதங்கள் மூவர் குழு என்ற பேச்சையே எடுக்கவில்லை. சக் இஸ்ரேல்ஸ் என்ற பாஸ்காரரோடு 1962இல் மீண்டு வந்தார். அதன்பின் பல குழுக்கள், பல விருதுகள், விடாத போதைப் பழக்கம். 1980 செப்டம்பர் 15 அன்று 51 வயதில் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூன் மாதத்தில், மார்க் ஜான்சன், ஜோ லபார்பெரா இருவரோடும் அதே வேன்கார்டில் வாசித்த பதிவுகளும் இன்று கிடைக்கின்றன. மோட்டியன்தான் நீண்ட நாள் இருந்தார். பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டோடு வாசித்தார், தனக்கென்று குழுக்கள் அமைத்தார், இசை எழுதினார், எண்பது வயதில் 2011இல் மறையும்வரை வேன்கார்டு மேடைக்கு வந்துகொண்டே இருந்தார். லஃபேரோவின் மரணத்தை மட்டும் வைத்து இந்த ஆல்பங்களைப் பேசும்போது மறைந்துபோவது மோட்டியனின் இந்த நீண்ட வாழ்க்கைதான்.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. லஃபேரோ உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கு இவ்வளவு பெயர் வந்திருக்குமா? புராணம் சற்றுக் குறைந்திருக்கலாம். இசையின் மதிப்பு குறைந்திருக்காது. அன்று மேடையில் இருந்த மூவருக்கும் அது வழக்கமான இன்னொரு வேலை நாள். விடைபெறும் தொனி அந்த வாசிப்பில் எங்குமே இல்லை. விளையாட்டும் துணிச்சலும்தான் இருக்கின்றன. சோகம் முழுக்க நாம் பிற்பாடு ஏற்றி வைத்தது.

செல்வாக்கைக் கணக்கிட்டால் பட்டியல் நீளும். கீத் ஜாரெட் தன் மூவர் குழுவிலும், பிராட் மெல்டாவ் தன் குழுவிலும் மூன்று குரல் உரையாடலாகவே இசையை வளர்த்தார்கள். பாஸை வெறும் காலம் காட்டும் வாத்தியமாக நிறுத்திவைப்பது அதன்பின் ஒரு தேர்வாக மாறியது, விதியாக இல்லை. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயரும் இந்தப் பியானோ மூவர் வடிவத்தில்தான் பெயர் பெற்றார். 2009இல் வந்த அவருடைய 'ஹிஸ்டாரிசிட்டி', 2021இல் வந்த 'அனீஸி' இரண்டும் மூவர் ஆல்பங்கள். எவன்ஸின் மென்மையை அங்கே தேடினால் கிடைக்காது. தாளத்தில் வேறு வழி போகிறவர் அவர். ஆனால் மூவரும் சமமாகப் பேசும் முறை அங்கும் உண்டு.

ஜாஸ் என்றாலே புரியாது என்று ஒதுங்குகிறவர்களுக்கும் இந்த ஆல்பங்கள் நல்ல நுழைவாயில். மெட்டுகள் இனிமையானவை, சத்தம் குறைவு, எந்த உருப்படியும் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு நீளமில்லை. முதலில் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆல்பத்தைப் போட்டு 'மை ஃபூலிஷ் ஹார்ட்' கேளுங்கள். பிறகு 'சண்டே' ஆல்பத்துக்கு வந்து 'குளோரியாஸ் ஸ்டெப்'. இரண்டாம் முறை பியானோவை விட்டுவிட்டு பாஸை மட்டும் தொடர்ந்து போங்கள். கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பாஸ் காணாமல் போய்விடும், பாதி இசை போய்விடும். நல்ல ஹெட்போன் ஒன்று கட்டாயம் வேண்டும். பிடித்துவிட்டால், மின்தடையில் கெட்ட முதல் டேக்கையும் சேர்த்து அன்றைய பதிவு முழுவதையும் வாசித்த வரிசையிலேயே தரும் மூன்று சிடி தொகுப்பு 2005இல் வெளியாகியிருக்கிறது.